கிண்ணியாவுக்குப் போன ஒன்பதாம் பாகம்

புதிதாக ஆங்கில இலக்கியம் படிப்பிக்க வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். பாடத்திட்டம், குறிப்புக் கொப்பி, புள்ளி போடும் விதம் எல்லாவற்றையும் உங்களுக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை. திருகோணமலையில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள் நான். அத்தனை வருடத்தில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன். அதில் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். பேய்க்கதை படிப்பிக்கிற ஒரு கோபக்காரியைத் தவிர வேறு யாராலும் அந்தப் பிழையை விட்டிருக்க முடியாது.

கோபக்காரி என்று சும்மா சொல்லவில்லை. எனக்கு மூக்கின் மேல் கோபம். நான் வகுப்பை நோக்கி நடந்து வரும் செருப்புச் சத்தத்தைக் கேட்டே அன்றைய நிலைமையைப் பிள்ளைகள் கணித்துவிடுவார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராது, புத்தகமும் வராது. ஆனால் பாடத்திட்டம் போட்ட பெரியவர்களுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. பத்தாம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பழைய ஆங்கில மர்ம நாவலைப் போட்டுவிட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்தியது. கடலோரக் குன்றின் மேல் ஒரு மாளிகை. அங்கே வந்து சேருகிற ஓர் அநாதைப் பெண். வாய் திறந்து பேசாத ஒரு பிரபு. மாளிகையின் வடக்குப் பக்கத்தில் இருபது வருடமாகத் திறக்கப்படாத ஒரு கதவு. திறக்கப்படாத கதவுதான், ஆனால் ஒவ்வொரு காலையும் அதன் பூட்டில் யாரோ புதிதாக எண்ணெய் போட்டிருப்பார்கள்.

இதை வகுப்பில் முதல் தடவை சொன்னபோது பிள்ளைகள் நடுங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து உப்புக் காற்று. பதினொரு பிள்ளைகளும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சல்லியிலிருந்து வருகிற பாலன் கையைத் தூக்கினான். மீன்பிடிக்காரக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம்.

"ரீச்சர், காத்து அடிச்சு ஜன்னல் படபடக்குது எண்டு அந்தப் பெட்டை ஏன் கத்துறா? எழும்பிப் போய்ச் சாத்தலாம்தானே?"

இன்னொருத்தி எழும்பினாள். "அவவுக்கு மாமா, மச்சான் ஒருத்தரும் இல்லையோ ரீச்சர்? முன்னப்பின்னத் தெரியாத வீட்டில தனிய விட்டுட்டு எல்லாரும் எங்க போனவை?"

உண்மையைச் சொன்னால், அதே கேள்விகள் எனக்கும் இருந்தன.

எங்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு பிரதி. பாடசாலை வாசிகசாலைக்குச் சொந்தமானது. ஒரு புத்தகத்தைப் பதினொரு பேர் எப்படிப் படிப்பது? இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் அதிபரிடம் போய்ப் புத்தகத்தை வெட்டட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

"வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ. வருஷ முடிவில திரும்பக் கட்டி என்ர மேசையில வைக்க வேணும். ஒரு தாள் குறையக் கூடாது."

கடைத்தெருவில் புத்தகம் கட்டுகிறவர் அதைப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தைத்து, மண்ணிறத் தாளில் அட்டை போட்டுத் தந்தார். அலுமாரிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினேன். முதல் பிள்ளை முதல் பாகத்தை இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு இரண்டாவது பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். தான் இரண்டாம் பாகத்தை எடுக்க வேண்டும். இப்படியே சங்கிலி போலப் போகும். முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்குக் கதை சொல்லக் கூடாது. சொன்னால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவில்லை, என் செருப்புச் சத்தமே போதும்.

ஆச்சரியம் என்னவென்றால், வெயிலில் சிரித்த அதே பிள்ளைகள் கையில் பாகம் வந்ததும் மாறிவிட்டார்கள். இரண்டு நாள் முடிய முன்பே அடுத்த பாகத்துக்கு அலைந்தார்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்ன பாலன் வாசிகசாலை வாசலில் நின்று, "எண்ணெய் போடுறது ஆர் எண்டு மட்டும் சொல்லு, வேற ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்று முன்னால் இருந்தவளிடம் கெஞ்சியதை என் கண்ணால் கண்டேன். அன்று எனக்குத் தலை கால் புரியவில்லை. படிப்பிக்கிற வேலையில் இப்படியான நாட்கள் அதிகம் வராது, வந்தால் அனுபவியுங்கள்.

பட்டியலில் மூன்றாவது பெயர் ஜெஸீமா. கிண்ணியாவிலிருந்து வருகிறவள். வீட்டிலிருந்து துறையடிக்கு நடந்து, பாதையில் ஏறி அக்கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வர வேண்டும். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற அந்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். பாதை பிந்தினால் அவளும் பிந்துவாள். ஆனால் பாகம் ஒரு நாளும் பிந்தியதில்லை. அதிகம் பேசாத பிள்ளை. பேசினால் சரியாகப் பேசுவாள்.

அவளுடைய வாப்பாவை, ஊரே அண்ணன் முறை வைத்து லத்தீப் நானா என்று கூப்பிடுகிறவரை, நான் ஒரு தடவைதான் கண்டிருந்தேன். அது பெற்றோர் கூட்டத்தில். உயரமான மனிதர், வெள்ளைச் சேர்ட், சத்தமான குரல். கிண்ணியாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் எழும்பி நின்று கேட்டார்:

"ரீச்சர், நான் எங்கட புள்ளைய நாளாந்தம் பாதையில ஏத்தி அனுப்புறது பேயப் பத்திப் படிக்கிறதுக்கா? உருப்படியா ஏதாச்சும் படிச்சிக் குடுக்க ஏலாதா?"

சிரிப்பு எழும்பியது. எனக்குக் காது சிவந்தது. இலக்கியம் என்றால் என்ன, கற்பனை என்றால் என்ன என்று நான் ஏதோ சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "பேய் பேய்தான் ரீச்சர்" என்று சொல்லி அமர்ந்தார். மறுபடி சிரிப்பு. அன்றிலிருந்து அந்த மனிதர் என் மனதில் ஒரு மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாம் பாகத்தில்தான் அந்தக் கதவு திறக்கிறது. அது ஜெஸீமாவிடம் போனது. இரண்டு நாள் முடிந்தது, அவள் கொண்டுவரவில்லை. "நாளைக்குத் தாறன் ரீச்சர்" என்றாள். நாளையும் வந்தது, பாகம் வரவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து முட்டுப்பட்டு நின்றார்கள். மூன்றாம் நாள் வகுப்பில் அவளை எழுப்பினேன்.

"ஒன்பதாம் பாகம் எங்க?"

மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"துலைச்சிட்டியோ?"

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கேட்கக் கூடாத கேள்வியை அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டேன்.

"உன்ர வாப்பா எரிச்சுப் போட்டாரோ?"

"இல்ல ரீச்சர்!" என்றாள், கேட்டு முடிய முன்பே.

அந்த வேகம் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. ஓகோ, அப்படியென்றால் அதுதான் நடந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பாருங்கள், மாதக் கணக்காகப் பூட்டிய கதவும் வாய் திறக்காத பிரபுவும் என்று படிப்பித்துப் படிப்பித்து, கிண்ணியாவில் கடை வைத்திருக்கிற ஒரு மனிதரை நான் அந்த மாளிகைக்குள் குடிவைத்துவிட்டேன். அடுப்பில் மண்ணிற அட்டை சுருண்டு எரிவதுகூட எனக்குத் தெரிந்தது.

"ஒன்பதாம் பாகம் இல்லாமல் என்ர பாடத்துக்கு வர வேண்டாம். வாசிகசாலையில போய் இரு" என்றேன்.

அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவள் அழாததும் எனக்குத் திமிராகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை அவள் என் பாடத்துக்கு வரவில்லை. திங்கட்கிழமை பரீட்சை விண்ணப்பப் படிவங்கள் வந்தன. வகுப்பாசிரியையும் நான்தான். என் பாட நேரத்திலேயே பெயர் கூப்பிட்டுக் கொடுத்தேன். பெற்றோர் கையெழுத்துடன் வியாழனுக்குள் திரும்பி வர வேண்டும், வெள்ளி காலைத் தபாலில் கொழும்புக்குப் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் அந்த வருடம் பரீட்சை இல்லை. ஜெஸீமாவின் படிவத்தை அலுமாரிக்குள் வைத்தேன். அவள் வந்து கேட்கட்டும், கேட்டால் கொடுக்கிறேன் என்பது என் எண்ணம். வாசிகசாலையில் இருக்கிற பிள்ளைக்குப் படிவம் வந்தது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று சொல்வதும் பொய். யோசித்தேன், யாராவது சொல்லியிருப்பார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆசிரியர் கோபத்தில் இருக்கும்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை நம்பாதீர்கள்.

செவ்வாய், புதன், வியாழன். பாடசாலை விட்டாயிற்று. கந்தோரிலிருந்து கிளாக்கர் வந்தார்.

"ரீச்சர், உங்கட வகுப்பில பதினொரு பேர். பத்துப் படிவம்தான் என்னட்ட வந்திருக்கு."

வாசிகசாலைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. ஜெஸீமா அப்போதே பஸ் ஏறியிருப்பாள்.

ஆசிரியர் அறையில் கணக்கு ரீச்சர் மட்டும் இருந்தார். என் வயதுதான், என்னோடு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர். வேறு ஆள் இல்லாததால் அவரிடம் கொட்டினேன். தொலைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள், அல்லது வாப்பா எரித்துவிட்டார், எரித்ததை மறைக்கிறாள், இப்போது படிவமும் போகாது, எல்லாம் அவளுடைய பிடிவாதம் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் சிவப்புப் பேனையைக் கீழே வைத்தார்.

"தேடினவளோ?"

"என்ன?"

"பாகத்தை. வாங்குக்குக் கீழ, பையுக்குள்ள, பஸ்ஸில, எங்கயாவது தேடினவளோ? என்ர வகுப்பில ஒரு பெட்டை பென்சில் துலைச்சாலே நாலு பேரை எழுப்பித் தேடுவாள்."

யோசித்துப் பார்த்தேன். ஜெஸீமா எதையும் தேடவில்லை. ஒரு இடமும் பார்க்கவில்லை, ஒருவரிடமும் கேட்கவில்லை.

"அப்ப அது எங்க இருக்கெண்டு அவளுக்குத் தெரியும். எரிஞ்சதெண்டால் அழுதிருப்பாள். அழவும் இல்லை. அதாவது அது பத்திரமா இருக்கு. ஆரையோ காப்பாத்துறாள்." கணக்கு ரீச்சர் பேனையை மறுபடி எடுத்தார். "நீங்கள் பேய்க்கதை படிப்பிக்கிறனீங்கள். இதுகூடத் தெரியேல்லையோ?"

அந்தக் கடைசி வசனத்துக்கு வேறு ஒரு நாளென்றால் சண்டை பிடித்திருப்பேன். அன்று நேரமில்லை. அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

பஸ்ஸிலும் பாதையிலும் இரண்டு விதமான பேச்சை மாறி மாறி ஒத்திகை பார்த்தேன். ஒன்று கெஞ்சல், மற்றது சண்டை. பாதையில் என் பக்கத்தில் நின்ற மீன்காரர் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார். லத்தீப் நானா படிவத்தில் கையெழுத்து வைக்க மறுத்தால் என்ன செய்வது? "பேய் படிக்கிற பரீட்சை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்? ஒரு பிள்ளையின் ஒரு வருடம் என் கைப்பைக்குள் இருந்தது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. நாவலைப் பன்னிரண்டு பாகமும் படித்தபோது வராத பயம்.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முன்பக்கப் பலகைகள் பாதி போடப்பட்டிருந்தன. பின்னேர அசர் தொழுகை முடிந்த நேரம், வீதியில் ஆட்கள் குறைவு. உள்ளே அரை இருட்டு. கூப்பிட வாயெடுத்தேன், ஆனால் உள்ளேயிருந்து வந்த குரல் என்னை நிறுத்திவிட்டது.

"...மெழுகுதிரி ஒரு கையில. மத்தக் கைய மெதுவா நீட்டுறா. பூட்டத் தொடுறா. விரல்ல எண்ணெய் படுது. இண்டைக்குப் போட்ட எண்ணெய்..."

அது என் நாவல்! வகுப்பில் நான் சொன்னதைவிட எவ்வளவோ நன்றாகத் தமிழில் வந்துகொண்டிருந்தது.

பலகை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். அரிசிச் சாக்குகளின் மேல் இரண்டு பேர். ஒருவர் தலையில் சால்வையைச் சுற்றி மூக்குவரை மூடியிருந்தார். நடுவில் மூக்குக் கண்ணாடியுடன் நின்றுகொண்டு லத்தீப் நானா, கையில் மண்ணிற அட்டை போட்ட ஒன்பதாம் பாகம். ஒரு வரியை ஆங்கிலத்தில் மனதுக்குள் வாசிப்பார், தலையைத் தூக்குவார், தமிழில் சொல்லுவார். அவர் நிறுத்துகிற இடங்களில் சாக்குகளில் இருந்தவர்கள் மூச்சையும் நிறுத்தினார்கள்.

நான் சாய்ந்த பலகை கிரீச்சென்றது.

"யா அல்லாஹ்!" என்று சால்வைக்காரர் துள்ளி எழும்பினார்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலை கலைந்து, கைப்பையுடன் ஒரு பெண் உருவம் நின்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? லத்தீப் நானாவுக்குத்தான் முதலில் ஆள் விளங்கியது. விளங்கியதும் அந்த உயரமான மனிதர் ஒன்பதாம் பாகத்தைக் கதிரையில் போட்டு அதன் மேல் அமர்ந்துவிட்டார்.

"வாங்க ரீச்சர், வாங்க. என்ன இந்தப் பக்கம்?"

"நானா," என்றேன், "நீங்கள் இருக்கிறது எங்கட ஒன்பதாம் பாகத்துக்கு மேல."

முதலில் சால்வைக்காரர் சிரித்தார், பிறகு மற்றவர் சிரித்தார். கடைசியில் லத்தீப் நானாவும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். ஒத்திகை பார்த்த இரண்டு பேச்சும் எனக்கு மறந்துபோய்விட்டன.

விஷயம் இதுதான். மூன்று பேரும் வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கப்பல் திருத்துகிற கடற்படை டொக்யார்ட்டில் ஒன்றாக வேலை செய்தவர்கள். லத்தீப் நானா அங்கே களஞ்சியத்தில். கப்பல்காரர் போட்டுவிட்டுப் போன சஞ்சிகைகளை எழுத்துக் கூட்டி வாசித்தே ஆங்கிலம் பிடித்தவர். வெள்ளைக்காரன் போனபின் அந்த ஆங்கிலத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் என்னோடு வாதாடிவிட்டுப் போனவர், புத்தகத்தில் என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று மகளின் பையிலிருந்த பாகத்தை எடுத்திருக்கிறார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு மீளவில்லை. ஜெஸீமா கொண்டுவருகிற ஒவ்வொரு பாகத்தையும் அசருக்குப் பிறகு கடைக்குள் வைத்து நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஒன்பதாம் பாகம் ஏன் இவ்வளவு நாள்?"

லத்தீப் நானா சால்வைக்காரரைக் கையால் காட்டினார். "இவன் கிரேன் ஓட்டின மனுசன் ரீச்சர். காய்ச்சல்ல விழுந்திட்டான். கதவு திறக்கிற நேரம் நான் இல்லாமத் திறக்கக் கூடாது எண்டு ஆள் அனுப்பிச் சொன்னவன். அவன் இல்லாம எப்படித் திறக்கிற? இண்டைக்குத்தான் எழும்பி வந்திரிக்கிறான்."

"மருந்து குடிச்சதே இதுக்குத்தான்" என்றார் கிரேன்காரர்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "ஜெஸீமா ஒரு சொல்லும் சொல்லேல்லை. நானும் அவளை ஐந்து நாளாய் பாடத்துக்கு எடுக்கேல்லை" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்னத்தச் சொல்றீங்க? ரீச்சர்ட்டக் கேட்டு இன்னும் கொஞ்ச நாளைக்கு வாங்கு புள்ள எண்டு சொன்னன். ரீச்சர் தந்திட்டா எண்டு சொன்னாளே!"

அவளுக்கு இரண்டு பக்கமும் காப்பாற்ற வேண்டியிருந்தது. கூட்டத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் பேயென்று எதிர்த்துப் பேசிய வாப்பா, அதே புத்தகத்தைக் கடைக்குள் ஒளித்து வாசிக்கிறார் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். நண்பரின் காய்ச்சலுக்காகக் காத்திருக்கிற வாப்பாவிடமிருந்து புத்தகத்தைப் பறிக்கவும் மனமில்லை. ஆகவே வாசிகசாலையில் போய் இருந்திருக்கிறாள். நான் படிவத்தை எடுத்துக் காட்டினேன். நாளை காலைத் தபால் என்பதையும், அது என் அலுமாரிக்குள் நான்கு நாள் கிடந்ததையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

லத்தீப் நானா கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "எங்கட விளையாட்டுக்கு எங்கட புள்ள வெளிய இரிந்திரிக்கி ரீச்சர்" என்றார்.

"விளையாட்டுக்கு இல்லை நானா. என்ர கோபத்துக்கு."

கடைக்குப் பின்னால்தான் வீடு. ஜெஸீமாவைக் கூப்பிட்டார். என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளையின் முகம் வெளிறியது. வாப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் படிவத்தை வாங்கி, டொக்யார்ட்டில் பழகிய சாய்ந்த ஆங்கில எழுத்தில் கையெழுத்து வைத்தார். அவளும் தன் இடத்தில் வைத்தாள். நான் மையை ஊதி ஊதிக் காயவைத்து அதைக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

எழும்பினேன். கிரேன்காரர் தொண்டையைச் செருமினார்.

"ரீச்சர், பாதைக்கு இன்னும் நேரம் இரிக்கி. கதவத் திறந்து வெச்சிட்டுப் போங்களன்."

ஆகவே திறந்தோம். நான் ஆங்கிலத்தில் வாசித்தேன், லத்தீப் நானா தமிழில் சொன்னார். ஜெஸீமா சாக்கில் சாய்ந்து நின்றாள். கதவு திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் அறை. மனைவி இறந்த அறையை ஒரு நாளாவது திறந்து பார்க்க வேண்டும் என்று தினமும் போய், பூட்டில் எண்ணெய் போட்டுவிட்டு, தைரியமில்லாமல் திரும்பி வந்தவர் அந்தப் பிரபுதான்.

"இதுக்கா நான் காய்ச்சலோட கிடந்தன்?" என்றார் கிரேன்காரர்.

லத்தீப் நானா தலையை ஆட்டினார். "இல்லடா. இருவது வருசம் வெறும் அறைக்குப் பயந்தவன் பாவம். அவன நாங்களும் இவ்வளவு நாளா என்னெல்லாம் நினைச்சம்." அந்த வருடம் நான் அந்த நாவலைப் பற்றிக் கேட்ட வார்த்தைகளில் அதைவிடச் சிறந்தது வேறில்லை. என் குறிப்புக் கொப்பியில் அது இருக்கவில்லை.

துறையடிவரை வாப்பாவும் மகளும் கூட வந்தார்கள். அவர் பாதைக்காரரோடு கதைக்கப் போன நேரம் பார்த்து ஜெஸீமா என் பக்கத்தில் வந்தாள்.

"ரீச்சர், நீங்க என்னை ஏசினது பரவாயில்ல. வகுப்பில வாப்பாவைப் பத்திச் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டன்" என்றேன்.

சுலபமாகச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் வகுப்புக்குள் போனபோதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. படிவம் காலைத் தபாலில் போய்விட்டது, அது நிம்மதி. ஆனால் எல்லோருக்கும் முன்னால் அவமானப்படுத்தியதற்கு எல்லோருக்கும் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். காரணம் சொல்லாமல் எப்படிக் கேட்பது? அரைகுறையாகச் சொன்னால் அவள் மேல் சந்தேகம் மிஞ்சும். முழுதாகச் சொன்னால் வாக்குத் தவறும்.

ஒன்பதாம் பாகத்தை மேசையில் வைத்தேன். பத்துப் பிள்ளைகளும் கழுத்தை நீட்டினார்கள்.

"ஜெஸீமா இதைத் துலைக்கேல்லை. பிழை முழுக்க என்னுடையது. நான் விசாரிக்காமல் தண்டிச்சிட்டன். என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை."

"அப்ப எங்க கிடந்தது ரீச்சர்?" பாலன்தான்.

நான் மேசையில் கிடந்த பாகத்தின் அட்டையை நேராக்கினேன்.

"ரீச்சர்ர அலுமாரிக்குள்ளயோ?"

அலுமாரிக்குள் கிடந்தது வேறு ஒன்று, அது அவனுக்குத் தெரியாது. எனக்கு முகம் சூடாகியது. அதைப் பார்த்துவிட்டு வகுப்பே ஓவென்று சிரித்தது. மறுத்துச் சொல்ல வாய் திறந்தேன், திறந்த வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பாடசாலையில் என் பெயர், சொந்த அலுமாரிக்குள் புத்தகத்தைத் தொலைத்துவிட்டுப் பிள்ளையை வெளியே போட்ட ரீச்சர். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "ரீச்சர், முதல் அலுமாரியைப் பாருங்கோ" என்பார்கள். பாதி நேரம் அது உதவியும் செய்தது.

ஜெஸீமா பரீட்சை எழுதினாள், நன்றாகச் சித்தியடைந்தாள். தவறவிட்ட ஐந்து நாள் பாடத்தையும் இடைவேளைகளில் என்னிடம் கேட்டு வாங்கிவிட்டுத்தான் விட்டாள். புத்தகம் மறுபடி கட்டப்பட்டு, ஒரு தாளும் குறையாமல் அதிபரின் மேசைக்குப் போனது. கடைசி மூன்று பாகங்கள் மட்டும் ஜெஸீமாவிடம் இரண்டு நாளுக்குப் பதிலாக நான்கு நாள் இருந்தன. பட்டியலைத் திருத்தி எழுதினேன். காரணம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வாய் திறக்காமல் நிற்கிற பிள்ளையைக் கண்டால் திமிர் என்று உடனே எழுதிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை உங்களைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றைச் சுமந்துகொண்டு நிற்கக்கூடும். கோபத்தோடு படிவங்களைத் தொடாதீர்கள். மன்னிப்புக் கேட்கும்போது சிரிப்பு உங்கள் மேல் விழுந்தால் விழட்டும்.

பத்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போன மாதம் கிண்ணியாவிலிருந்து கடிதம் வந்தது. ஜெஸீமா இப்போது அங்கே தபால் கந்தோரில் வேலை செய்கிறாள், இரண்டு பிள்ளைகளின் தாய். வாப்பா மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். "இனிமேல் நீங்கள் சொல்லலாம் ரீச்சர். உங்கள் பெயரை நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லும்போது, வாப்பா ஒளித்து வாசித்தார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்லாக வாசித்தார் என்றும் சொல்லுங்கள்."

சொல்லுகிறேன். என் காலத்தில் எத்தனையோ பேர் அந்த நாவலை வாசிக்கக் கேட்டிருக்கிறேன், என்னையும் சேர்த்து. லத்தீப் நானாவைப் போல ஒருவரும் வாசிக்கவில்லை.